ஒற்றை சாக்ஸில் ஒரு பந்து

போன மாதம் ஒரு சாயந்திரம், என் சின்னவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "இன்னிக்கும் எனக்கு பேட்டிங் தரலைம்மா. சாக்கடையில விழற பந்தை எடுக்க மட்டும் நான் வேணுமாம்!" பத்து வயது. தெருவில் ஆடுகிற கூட்டத்தில் அவள் ஒருத்திதான் பெண்.

"அதுக்கு ஏண்டி அழறே? ஆடாதே, தீர்ந்தது" என்றார் என் மாமியார். 2025 நவம்பரில் நம் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற இரவு, பேத்தியோடு உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தவர்தான் இவர்!

பையன்கள் சொன்னதிலும் உண்மை இருந்தது. இரண்டாவது பந்திலேயே அவுட்டாகிவிடுகிறாளாம். ஆடக் கொடுத்தால்தானே பழக்கம் வரும்? பயிற்சிக்கு அனுப்ப மாதாமாதம் பணம் கட்ட நமக்குக் கட்டுப்படியாகாது. வீட்டில் பந்து போடவும் ஆளில்லை. பெரியவன் விடுதியில் இருக்கிறான். அப்போதுதான், என் தம்பி சின்ன வயதில் மரத்தில் பந்தைத் தொங்கவிட்டு அடித்துப் பழகியது ஞாபகம் வந்தது.

பெரியவனுடைய பழைய பள்ளிக்கூட சாக்ஸில் ஒன்றை எடுத்து, அதன் நுனியில் ஒரு டென்னிஸ் பந்தைத் திணித்தேன். பந்துக்கு மேலே இறுக்கி முடிச்சுப் போட்டு, சாக்ஸின் மேல் பகுதியைக் கயிற்றில் கட்டி, கொல்லையில் வேப்பங்கிளையில் தொங்கவிட்டேன். முதல் நாள் சணல் கயிறு. ஐந்தாவது அடியிலேயே அறுந்து, பந்து, சாக்ஸ் எல்லாமாகப் பக்கத்து வீட்டு மாமி காயப் போட்டிருந்த வடாத்தில் போய் விழுந்தது. அன்றைக்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுத இடம் போதாது. மறுநாள் துணி உலர்த்தும் நைலான் கயிற்றுக்கு மாறினேன். கயிறு நீளமாக இருந்தால்தான் பந்து நிதானமாக ஆடி வரும். குட்டையாக இருந்தால் வெடுக்கென்று முகத்துக்கே திரும்பிவிடும்.

பந்து தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே நிற்கட்டும். இதில் ஒரு சௌகரியம் பாருங்கள். மட்டை நேராக வந்தால் பந்து நேரே போய் நேரே திரும்புகிறது. மட்டை கோணினால் பந்து வட்டம் போடுகிறது. கிரிக்கெட் தெரியாத நானே, சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்து, "கோணல்டி!" என்று சொல்லிவிடுவேன். வலது கைக்காரர்களுக்கு மட்டையை நேராகக் கொண்டு போவது மேலே பிடித்திருக்கும் இடது கை. அதனால் முதலில் கொஞ்ச நேரம் இடது கையால் மட்டும் மெதுவாகத் தட்டச் சொன்னேன்.

ஆஸ்திரேலியாவில் பிராட்மன் சிறுவனாக இருந்தபோது, தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடித்தளத்தில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒற்றை ஸ்டம்பால் அடித்துப் பழகினாராம். அவருடைய அம்மா எமிலி பையனுக்கு இடது கையால் பந்து போட்டவர் என்று படித்தபோது எனக்குக் கொள்ளை சந்தோஷம்!

அண்ணனுடைய பெரிய மட்டையைத் தூக்கி ஆடியதில், இரண்டே நாளில் மணிக்கட்டு வலி என்றாள். அதை நிறுத்திவிட்டு, தரையில் நிறுத்தினால் பிடியின் நுனி இடுப்பெலும்பு அளவுக்கு வருகிற சின்ன மட்டையாக வாங்கினோம். பத்து நிமிஷம் ஆட்டம், பிறகு ஓய்வு. தோளோ முழங்கையோ வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

கைக்குழந்தை உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஆடி முடித்ததும் கயிற்றை அவிழ்த்து உள்ளே வைத்துவிடுங்கள். தொங்கும் கயிறு குழந்தையின் கழுத்தில் சுற்றிக்கொள்ள ஒரு நிமிஷம் போதும். சாக்ஸுக்குள் தோல் பந்தைப் போடும் ஆசையும் வேண்டாம்.

இப்போது எத்தனை அடி நேராகப் போனது என்று எண்ணுவது மாமியாரின் பொறுப்பு. நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

போன சனிக்கிழமை அவளைக் கடைசி ஆளாக இறக்கினார்களாம். "ரன்னு எத்தனைடி?" என்றேன்.

"நாலும்மா. ஆனா அவுட்டே ஆகலை!"

இன்று காலை பார்த்தால் சாக்ஸின் நுனியில் ஓட்டை. அதன் ஜோடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.