பிரியாமலே இருந்திருந்தால்?

"இப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்பது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று சில பெரியவர்கள் சொல்லுவார்கள். ஆனால் நடந்த காரியம் ஏன் நடந்தது என்று விளங்கிக்கொள்ள அதைவிட நல்ல கேள்வி கிடையாது.

வட ஐரோப்பாவில் ஸ்வீடனும் நார்வேயும் 1814-ம் வருஷம் முதல் ஒரே அரசருக்குக் கீழ் இணைந்திருந்தன. நார்வேக்குத் தனிச் சட்டசபை உண்டு. வெளிநாட்டு விவகாரம் மட்டும் ஸ்வீடன் கையில் இருந்தது. உலகமெங்கும் கப்பல் ஓட்டிய நார்வேக்காரர்கள் தங்களுக்கென்று தனிக் கான்ஸல்கள் வேண்டுமென்று கேட்டார்கள். கிடைக்கவில்லை. 1905-ல் உறவு முறிந்தது. ஆண்கள் மட்டும் கலந்துகொண்ட வாக்கெடுப்பில் பிரிவினையை ஆதரித்தவர்கள் 3,68,208 பேர். எதிர்த்தவர்கள் 184 பேர்! இரு தரப்புச் சேனைகளும் ஆயத்தமாக நின்றபோதிலும் யுத்தம் மூளவில்லை. கார்ல்ஸ்டாட் நகரில் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

நம் வீட்டிலும் இப்படி ஒரு பாகப்பிரிவினை நடந்தது அல்லவா? பழைய சென்னை ராஜ்யத்தில் 1951-ம் வருஷக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 5 கோடியே 70 லட்சம் ஜனங்கள் இருந்தார்கள். தமிழர், தெலுங்கர், மலையாளிகள், கன்னடியர் எல்லாருக்கும் ஒரே தலைநகரம். 1913-லேயே பாபட்லாவில் ஆந்திர மகாநாடு கூடிவிட்டது. ஹைகோர்ட்டுக்கும் பெரிய உத்தியோக சாலைகளுக்கும் விசாகப்பட்டினத்துக்காரர் 800 கிலோமீட்டர் வரை ரயிலில் வர வேண்டியிருந்தது. நார்வேக்குக் கான்ஸல் எப்படியோ, ஆந்திரர்களுக்குத் தலைநகரம் அப்படி. வசதியைக் காட்டிலும் மானமே அங்கே பெரிதாக நின்றது.

1949-ல் நேரு, படேல், பட்டாபி சீதாராமய்யா மூவரும் ஆந்திர ராஜ்யம் அமைக்கலாம் என்றார்கள். சென்னை நகரத்தின் மீதுள்ள உரிமையை மட்டும் கைவிட வேண்டும் என்றார்கள். அதிலே காரியம் சிக்கிக்கொண்டது. 1952 அக்டோபர் 19-ந் தேதி பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதம் தொடங்கினார். டிசம்பர் 15-ந் தேதி உயிர் நீத்தார். ஆந்திர ஜில்லாக்களில் கலவரம் மூண்டது. நான்கே நாளில் நேருவின் அறிவிப்பு வெளியாயிற்று. 1953 அக்டோபர் 1-ந் தேதி கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர ராஜ்யம் பிறந்தது.

இப்போது கற்பனைக்கு வருவோம். பிரியாமலே இருந்திருந்தால் ஆவடியும் அம்பத்தூரும் பூந்தமல்லியும் ராஜ்யத்தின் வடகோடியில் ஒதுங்கியிரா. நட்ட நடுவே இருந்திருக்கும். அம்பத்தூரில் ரயிலேறித் திருத்தணி முருகனைத் தரிசிக்கச் சென்ற பக்தர், 1953 முதல் ஆறரை வருஷ காலம் அந்நிய ராஜ்யத்தில் இறங்கும்படி நேர்ந்திராது. பெரும் கிளர்ச்சிக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ந் தேதிதான் திருத்தணி நம்மிடம் திரும்பி வந்தது.

கேட்பதற்கு இன்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஐக்கியம் நிலைத்திருக்குமா? ஹைகோர்ட்டிலும் கலாசாலைகளிலும் உத்தியோகங்களிலும் ஆந்திரர்களின் மனக்குறையைத் தீர்த்திருந்தால் ஒருவேளை நிலைத்திருக்கலாம். தீர்க்காமல் கட்டி வைத்திருந்தால், 1952-ல் வெடித்தது 1962-ல் வெடித்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகையால், நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஓர் உயிர் போகும் வரை காத்திராமல், 1949-லேயே இரு தரப்பாரும் உட்கார்ந்து பேசிப் பிரிந்திருக்கக் கூடாதா? கார்ல்ஸ்டாட்டில் முடிந்தது சென்னையில் ஏன் முடியாமல் போயிற்று?

பிரிந்தவர்கள் பகைவர்களாகத்தான் இருக்க வேண்டுமென்று விதி இல்லை. ஸ்வீடனும் நார்வேயும் 1954-ல் டென்மார்க், பின்லாந்துடன் சேர்ந்து, ஒரு நாட்டார் மற்றொரு நாட்டில் தாராளமாக வேலை செய்யலாம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. நம் பக்கத்திலும், சென்னையின் தாகம் தீரக் கிருஷ்ணா நதியிலிருந்து 1,500 கோடி கன அடி நீர் தருவதற்கு மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் இசைந்தன. 1983-ல் எம்.ஜி.ஆரும் என்.டி.ராமராவும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். 1996-ல் அந்த நீர் கண்டலேறு கால்வாய் வழியே பூண்டிக்கு வந்து சேர்ந்தது. பூண்டியிலிருந்து அது பூந்தமல்லிக்கு அடுத்த செம்பரம்பாக்கம் ஏரிக்கும் பாய்கிறது.

பேசின அளவு முழுவதும் வருஷந்தோறும் வந்துவிடுவதில்லை என்பது மெய்தான். வந்த மட்டும், பிரிந்துபோன வீட்டாரின் கிணற்றிலிருந்து நாம் குடிக்கும் தண்ணீர் அது. குழாயடியில் குடத்தை வைக்கும்போது அதையும் சற்று நினைத்துக்கொள்ளலாம்.