ஸ்டார்லட்டுக்கு டர்போ போடலாம், பிரேக் போட்ட பிறகு

எங்க அண்ணனிடம் ஒரு ஸ்டார்லட் இருக்கு. ஈபி 82. என்னைவிட வயசு கூடின கார். புத்தகத்தில் வெள்ளை என்றுதான் போட்டிருக்கு, ஆனா இப்ப அது அப்பாவின் பழைய வேட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. பின் பம்பர் ஒரு பக்கம் கம்பியால் கட்டியிருக்கு. கரவனெல்ல சந்தியில் நிறுத்தினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அண்ணனுக்கு அதுதான் வேணும். அந்த பொனட்டுக்குக் கீழே ஒரு டர்போ எஞ்சினை இறக்கி, வெளியே ஒன்றுமே மாற்றாமல் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய நாலு வருஷக் கனவு.

இப்படிப்பட்ட காரை ஸ்லீப்பர் என்கிறார்கள். தூங்குமூஞ்சி மாதிரி நிற்கும், மிதித்தால் பறக்கும். இங்கிலாந்துக்காரர் 'கியூ கார்' என்பார்கள். முதலாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை, பீரங்கிகளை மறைத்து வைத்த கப்பல்களைச் சரக்குக் கப்பல் மாதிரி ஓடவிட்டது. அந்தக் கியூ கப்பல்களிலிருந்து வந்த பெயர் அது. நம்ம பக்கத்துப் பொடியன்கள் பெயரெல்லாம் வைக்கவில்லை. "பாத்தா தெரியாது மச்சான்" என்பதோடு சரி.

கலைப்பீடத்தில் படிக்கிற பிள்ளைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். சின்ன வயசிலிருந்து கராஜ் வாசலில் சோத்துப் பார்சலோடு காத்திருந்தவள் நான். எது கார்புரேட்டர், எது இன்ஜெக்டர் என்று தெரியாமல் அங்கே நிற்க முடியாது. இன்னொரு காரணமும் இருக்கு, அதைக் கடைசியில் சொல்றேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இந்த ஆசை எனக்குப் புரியுது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருஷத்தில் இந்த நாட்டில் பழைய கார் என்பது பழைய பொருளாக இல்லாமல் போச்சு. இருந்ததை வைத்தே ஓட்டினோம், இருந்ததையே பழுது பார்த்தோம். புதுசு வாங்க வழியில்லாதவனுக்கு, கையில் இருக்கிற பழசுக்குள் புதுசு ஒன்றைச் செய்து பார்க்கத் தோன்றும். அது கெட்ட புத்தி இல்லை. 2022இல் பெற்றோல் வரிசையில் ராத்திரி முழுக்க நின்று, பிறகு கியூஆர் கோட்டைக் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் வாங்கின அதே ஆள்தான் இப்ப டர்போ பற்றிப் பேசுகிறார் என்பது வேறு கதை.

ஏன் மறைக்கணும்? ஸ்பொய்லர், ஸ்டிக்கர் எல்லாம் போட்டு ஊருக்கே காட்டலாமே? ஒருநாள் கேட்டேன். அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"லயத்துப் பொடியன் நல்ல கார்ல போனா, காசு எங்கருந்து வந்திச்சுன்னு கேப்பாங்க தங்கச்சி. ஸ்டார்லட்ல போனா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

வெள்ளைக்கார யூடியூபரும் ஸ்லீப்பர் செய்கிறார். அவருக்கு அது ஒரு பகிடி. வசதி இருக்கிறவர் இல்லாதவர் மாதிரி வேஷம் போட்டு, சிக்னலில் பக்கத்து ஸ்போர்ட்ஸ் காரை முந்திவிட்டுச் சிரிக்கிறார். எங்களுக்கு அந்த வேஷம் தேவையே இல்லை. எங்களைப் பார்த்ததுமே இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு பிழை என்று யாருக்கும் சொல்லாமல் தனக்குள்ளே தெரிந்து வைத்திருப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கு. கம்பஸில் முதல் வருஷம் எனக்கும் அது இருந்திச்சு.

சரி, அண்ணன் இறக்கப் பார்க்கிற எஞ்சின் 4ஈ-எஃப்டிஈ. டொயோட்டாவே ஸ்டார்லட் ஜிடி டர்போவுக்குச் செய்தது. 1331 சிசி, 135 குதிரைவலு. அதே குடும்பத்தில் டர்போ இல்லாத எஞ்சின் நல்ல நாளில் 100ஐத் தொடும். 135 என்றதும் சிரிக்க வேண்டாம். அந்தக் காரின் எடை ஒரு டன்கூட இல்லை. வெளியே போகிற புகையே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது, அந்தச் சக்கரம் இன்னொன்றைச் சுற்றி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிறது. காற்று கூடினால் பெற்றோலும் கூட எரியலாம், வலுவும் கூடும். திணித்த காற்று சூடாகும், அதைத் தணிக்கத்தான் இன்டர்கூலர். அசல் ஜிடியில் அது எஞ்சினுக்கு மேலேயே இருக்கும். அதற்குக் காற்றுப் போக பொனட்டில் ஒரு மூக்கு வைத்திருப்பார்கள். அந்த மூக்கு இருந்தால் விஷயம் தெரிந்தவன் பத்து யார் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவான். அதனால் ஸ்லீப்பர்காரர் இன்டர்கூலரை முன் பம்பருக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, சாதாரண பொனட்டையே வைத்துக்கொள்வார்.

சிலர் இன்னும் மலிவாக யோசிப்பார்கள்: இருக்கிற எஞ்சினுக்கே ஒரு டர்போவைப் பூட்டினால் என்ன? டர்போ இல்லாத 4ஈ-எஃப்ஈயின் அழுத்த விகிதம் 9.6, டர்போ எஞ்சினில் அது 8.2. அந்த வித்தியாசத்தை டொயோட்டா சும்மா வைக்கவில்லை. அழுத்தம் கூடின எஞ்சினில் மேலும் காற்றைத் திணித்தால், பெற்றோல் நேரத்துக்கு முன்னாலேயே தானாக வெடிக்கும். டக்டக் என்று தட்டும் சத்தம் கேட்கும், பிறகு பிஸ்டன் உடையும். ஆகவே பஞ்சிகாவத்தைக்குப் போய் ஹாஃப் கட் தேடு, எஞ்சினோடு கியர்பொக்ஸ், வயரிங், கணினிப் பெட்டி எல்லாம் ஒன்றாக வாங்கு, 95 ஒக்டேன் அடி. இதெல்லாம் அண்ணனுக்குத் தெரியும். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருப்பதால், மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதியணும் என்பதும் தெரியும். அதைப் பற்றிப் பேசினால்தான் அவருக்குத் திடீரென்று காது கேட்காது.

என் சண்டை எஞ்சினோடு இல்லை. பிரேக்கோடு.

இந்த வகைக் காரைப் பற்றி நாலு பேர் கூடிப் பேசுவதைக் கேட்டுப் பாருங்க. டர்போ எவ்வளவு பூஸ்ட், டவுன்பைப் எத்தனை அங்குலம் என்று விடிய விடியப் பேசுவார்கள். பிரேக் பற்றி ஒருவர் கேட்டால், "அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒரு பதில் வரும். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய சக்தி நாலு மடங்காகும், ஓ/எல் வகுப்பிலேயே படித்ததுதான். 40இல் வந்த காரையும் 80இல் வந்த காரையும் ஒரே பிரேக்கால் நிறுத்தலாம் என்று நினைத்தால் எப்படி? அண்ணனின் காரில் முன்னால் சின்ன டிஸ்க், பின்னால் ட்ரம். சந்தைக்குப் போய்வர அது போதும். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலவுக்கு இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பேட் சூடேறும், பழைய பிரேக் ஒயில் கொதிக்கும், மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். அந்த நேரத்தில் 135 குதிரையும் பின்னால் இருந்து தள்ளத்தான் செய்யும்.

இன்னொன்றும் இருக்கு, இதை யாரும் பேசுவதில்லை. எங்கள் ஏ7 வீதியில் ஓடுகிறவர்கள் எதிரே வருகிற வண்டியின் முகத்தைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். யட்டியாந்தோட்டை தாண்டி ஆற்றை ஒட்டிப் போகிற வளைவுகளில் ஹட்டன் பஸ் ஒன்று லொறியை முந்தப் பார்க்கிறது என்று வையுங்க. எதிரே ஒரு பழைய ஸ்டார்லட். 'பாவம், மெதுவாத்தான் வரும்' என்று டிரைவர் வெளியே எடுக்கிறார். அந்தக் கணக்கை நம்பி பஸ்ஸுக்குள் ஐம்பது பேர் இருக்கிறார்கள். ஸ்லீப்பரின் பகிடியே அந்தக் கணக்கைப் பிழையாக்குவதுதான். ரேஸுக்கு வந்தவனிடம் அந்தப் பகிடியை விடலாம், அவன் தெரிந்துதான் வந்தான். பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆயாவிடம் விடக்கூடாது.

அப்ப இந்தக் காரை எங்கேதான் ஓட்டுவது? இடம் இருக்கு. நுவரெலியாவில் மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. அது ஒரு தேயிலைத் தோட்டப் பாதை. ஒவ்வொரு காராக, கடிகாரத்தோடு போட்டி போட்டு மேலே ஏறும். எதிரே யாரும் வர மாட்டார்கள். இந்த நாட்டு ரேஸ்களில் பழைய மினிக்கும், நிசான் மார்ச்சுக்கும், ஃபோர்ட் லேசருக்கும்கூடத் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள், ஆக பழைய சின்னக் காரை யாரும் வாசலில் மறிக்கப் போவதில்லை. ஓடுவதற்கு முன்னால் வண்டியைப் பரிசோதிப்பார்கள். அங்கே "அப்புறம் பாத்துக்கலாம்" செல்லாது. தோட்டப் பாதையில் தோட்டத்துப் பொடியன் பார்வையாளராக மண்மேட்டில் நிற்காமல் ஸ்டீயரிங் பிடித்து நிற்பதை நான் பார்க்கணும், அது என் சொந்த ஆசை.

ரேஸ் மைதானம் என்றாலே பாதுகாப்பு என்றும் சொல்ல மாட்டேன். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில்லில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் செத்துப்போனார்கள். அதில் ஒரு சின்னப் பிள்ளை. அந்த வீடியோவை அன்றைக்கு எல்லாரும் பகிர்ந்தார்கள். நான் முழுசாகப் பார்க்கவில்லை. அண்ணன் பார்த்தார். பிறகு ரெண்டு நாள் கராஜில் யாரும் பூஸ்ட் பற்றிப் பேசவில்லை, மூன்றாம் நாள் பேசினார்கள்.

கடைசியில் சொல்றேன் என்ற காரணம் இதுதான். அந்த ஸ்டார்லட் அண்ணனுக்கு மட்டும் சொந்தமான கார் இல்லை. பேருக்கு அவருடையது. எங்கள் லயத்தில் ராத்திரியில் யாருக்காவது வலி வந்தால், காய்ச்சல் கூடினால், பாம்பு தீண்டினால், தட்டுவது எங்கள் வீட்டுக் கதவைத்தான். இறப்பர் மரங்களுக்கு நடுவே கல்லும் குழியுமான பாதையில் இறங்கி, கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவது அந்தக் கார்தான். பக்கத்துக் காம்பிரா அக்காவின் ரெண்டாவது பிள்ளை அதன் பின்சீட்டில் பிறக்கப் பார்த்திச்சு. டர்போ போட்டு, எஞ்சின் ஏதோ ஒரு சென்சருக்காகக் கோபித்துக்கொண்டு ரெண்டு மாதம் கராஜில் கிடந்தால், அந்த ரெண்டு மாதமும் யார் கதவைத் தட்டுவது? ஸ்லீப்பர் செய்கிறவர்கள் பொதுவாக இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவர்களிடம் இன்னொரு கார் இருக்கும்.

அம்மா பால் வெட்டிச் சேர்த்த சீட்டுக் காசு வந்தபோது வீட்டில் பெரிய வாக்குவாதம். பாதியை அண்ணன் ஏற்கெனவே ஹாஃப் கட்டுக்கு முற்பணமாகக் கொடுத்துவிட்டார். மீதியை நான் கேட்டேன், எனக்கு இல்லை, ஜிடியின் முன் டிஸ்க்குக்கும் காலிப்பருக்கும் நல்ல டயர் நாலுக்கும். "நீ கம்பஸ் போயி இதத்தான் படிச்சியா?" என்றார். அம்மா ஒன்றும் பேசாமல், காசை எடுத்து அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டார்.

போன கிழமை வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. பழைய வீரகேசரிக்கு மேலே ரெண்டு டிஸ்க், ஒரு பிரேக் ஒயில் போத்தல். கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. படத்தின் ஓரத்தில், கராஜ் பின்பக்கம் நீலத் தறப்பாளுக்குக் கீழே அந்த எஞ்சின் தெரிந்தது. பாஸுடைய கோழி அதுக்கு மேலே ஏறிப் படுத்திருந்திச்சு.