‘டேட்டாபேஸ் திறக்கவில்லை’ என்றால் பதறாதீங்க... முதலில் ஒரு காப்பி எடுங்க!

இரவு மணி பதினொன்று. மறுநாள் காலை பத்து மணிக்கு கைடைப் பார்க்க வேண்டும். லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த மகளிடமிருந்து திடீரென்று ஒரு குரல்.

‘‘அம்மா... எல்லாம் போச்சும்மா!’’

பாதித் தூக்கத்தில் இருந்த அம்மா எழுந்து வந்து பார்த்தால், திரையில் சின்னதாக ஒரு பெட்டி. ‘அன்ஏபிள் டு ஓப்பன் டேட்டாபேஸ் ஃபைல்’ என்று ஒற்றை வரி. கீழே ஓர் ‘ஓகே’ பட்டன். அவ்வளவுதான்.

ஆய்வு மாணவர்கள் இருக்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சி இது. இந்த மகள் பிஎச்.டி. மாணவி. நூற்பாலை வேலைக்குப் போகும் பெண்களின் குடும்ப வாழ்க்கை பற்றி ஆய்வு செய்கிறாள். 26 பெண்களை வீடு தேடிப் போய்ப் பேட்டி எடுத்து, அவர்கள் பேசியதை வார்த்தை விடாமல் டைப் செய்து வைத்திருக்கிறாள். ஒரு வருட உழைப்பு.

‘‘திரும்பப் போய்க் கேட்டா சொல்ல மாட்டாங்களா?’’ என்கிறார் அம்மா.

‘‘ஒரு தடவ சொன்னதே பெருசும்மா. சில பேர் அழுதுக்கிட்டே சொன்னாங்க. மறுபடியும் எப்படிப் போய்க் கேக்கிறது?’’

கவலை நியாயமானதுதான். ஆனால், அந்த ஒற்றை வரிக்கு ‘எல்லாம் போச்சு’ என்று அர்த்தமில்லை. பெரும்பாலான நேரங்களில் தகவல் பத்திரமாக உள்ளேயே இருக்கும். கதவுதான் திறக்காது. பதற்றத்தில் நாம் செய்யும் காரியங்கள்தான் உள்ளே இருப்பதையும் கெடுத்துவிடும்.

உள்ளே என்ன இருக்கிறது?

இந்த மாதிரி ஆய்வில் எண்களுக்கு வேலை குறைவு. மனிதர்கள் சொன்ன சொற்கள்தான் தரவு. ‘நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, புள்ள ஸ்கூலுக்குக் கிளம்பிப் போயிருக்கும்’ என்று ஒருவர் சொன்னால், அந்த வரிக்கு ‘இரவு வேலை’, ‘குழந்தை வளர்ப்பு’ என்று இரண்டு சீட்டு ஒட்டுவார்கள். இதற்குப் பெயர் ‘கோடிங்’. கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதும் கோடிங் வேறு. எல்லாப் பேட்டிகளிலும் ஒட்டி முடித்தபின் ‘இரவு வேலை’ என்பதை க்ளிக் செய்தால், அதைப் பற்றி 26 பேரும் சொன்னது ஒரே இடத்தில் வரிசையாக வந்து நிற்கும்.

ஒரு காலத்தில் காகிதத்தைக் கத்தரித்து, கலர் பென்சிலால் கோடு போட்டுச் செய்த வேலை இது. இன்று இதற்கென்றே என்விவோ, அட்லஸ்.டிஐ, மேக்ஸ்க்யூடிஏ போன்ற கட்டண மென்பொருள்கள் இருக்கின்றன. பணம் கட்ட வேண்டாத குவால்கோடரும் இருக்கிறது. இந்த மாணவி பயன்படுத்துவது குவால்கோடர்தான்.

எந்தச் சொல்லுக்கு எந்தச் சீட்டு என்ற கணக்கெல்லாம் டேட்டாபேஸில்தான் இருக்கும். குவால்கோடரில் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டும் ஒரு ஃபோல்டர். அதற்குள் ‘டேட்டா’ என்ற பெயரில் இருக்கும் ஒரே ஒரு ஃபைல்தான் டேட்டாபேஸ். அது எஸ்க்யூலைட் என்ற வகையைச் சேர்ந்தது. நம் ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் மெசேஜ்கள் சேமிக்கப்படுவதும் இதே வகை ஃபைலில்தான்.

எஸ்க்யூலைட் பிறந்த கதையே இப்படி ஓர் எரரிலிருந்து தொடங்கியதுதான். அமெரிக்கக் கடற்படைப் போர்க்கப்பல் ஒன்றுக்காக மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார் ரிச்சர்ட் ஹிப். தகவலெல்லாம் தனி டேட்டாபேஸ் சர்வரில் இருந்தது. அந்த சர்வர் நின்றுவிட்டால், ‘சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை’ என்று அவருடைய மென்பொருள்தான் திரையில் சொல்லும். திட்டும் அவருக்குத்தான் விழும். ‘நடுவில் சர்வரே இல்லாமல், ஃபைலை நேராகப் படித்தால் என்ன?’ என்று யோசித்து, 2000ல் அவர் வெளியிட்டதுதான் எஸ்க்யூலைட். சர்வர் தொல்லை தீர்ந்தது. ஆனால், அந்த ஒரு ஃபைலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம் கைக்கு வந்துவிட்டது.

முதலில் செய்ய வேண்டியது

மாணவி தன் துறையில் சீனியரான அக்காவுக்கு போன் செய்கிறாள்.

‘‘அக்கா, சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்பப் போடட்டுமா?’’

‘‘ஒண்ணும் பண்ணாதே. அந்த எரரை முதல்ல செல்போன்ல ஒரு போட்டோ எடு. அப்புறம் சாஃப்ட்வேரை மூடிட்டு, ப்ராஜெக்ட் ஃபோல்டரை அப்படியே முழுசா வேற இடத்துல காப்பி பண்ணு. அதுவரைக்கும் எதையும் தொடாதே.’’

இதுதான் சரியான வரிசை. எரர் செய்தியின் வாசகம் முக்கியம். ‘திறக்க முடியவில்லை’, ‘பூட்டப்பட்டிருக்கிறது’, ‘சிதைந்திருக்கிறது’ இவை மூன்றும் வேறு வேறு நோய்கள். ‘ஓகே’ கொடுத்துவிட்டால் எது வந்தது என்பது மறந்துபோகும். காப்பி எடுத்தபின் சோதனை எல்லாவற்றையும் காப்பியில்தான் செய்ய வேண்டும். அசல் அப்படியே இருக்கட்டும்.

காப்பி எடுக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் படலாம். டேட்டாபேஸ் ஃபைலுக்குப் பக்கத்தில், அதே பெயரோடு ‘ஜர்னல்’ அல்லது ‘டபிள்யூஏஎல்’ என்று வால் முளைத்த இன்னொரு ஃபைல் இருக்கும். குப்பை என்று நினைத்து அதை டெலிட் செய்துவிடாதீர்கள். கணக்கு நோட்டில் அடித்துத் திருத்துவதற்கு முன், பழைய கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைப்போமே... ஜர்னல் அந்தச் சீட்டு. திருத்திக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டால், அடுத்த முறை திறக்கும்போது எஸ்க்யூலைட் அந்தச் சீட்டைப் பார்த்துப் பழைய நிலைக்குத் திரும்பும். டபிள்யூஏஎல் என்றால், புதிதாக எழுதியதே அதற்குள் காத்திருக்கலாம். எதை நீக்கினாலும் ஆபத்து. இரண்டையும் சேர்த்தே காப்பி எடுங்கள்.

ஒவ்வொன்றாகப் பாருங்கள்

1. ஃபைல் இடம் மாறியதா? ‘சமீபத்திய ப்ராஜெக்ட்’ பட்டியல் பழைய முகவரியைத்தான் ஞாபகம் வைத்திருக்கும். ஃபோல்டரின் பெயரை மாற்றியிருந்தாலோ, பென் டிரைவ் நேற்று ‘ஈ’ டிரைவாகவும் இன்று ‘எஃப்’ டிரைவாகவும் வந்தாலோ, திறக்காது. பட்டியலை விட்டுவிட்டு, ‘ஓப்பன் ப்ராஜெக்ட்’ மூலம் நேராக ஃபைல் இருக்கும் இடத்துக்குப் போய்த் திறந்து பாருங்கள்.

2. ஜிப் ஃபைலுக்குள்ளிருந்தே திறக்கிறீர்களா? தோழி மெயிலில் அனுப்பிய ஜிப்பை விரிக்காமல் உள்ளேயே க்ளிக் செய்தால், மென்பொருளால் அதில் எழுத முடியாது. முதலில் ‘எக்ஸ்ட்ராக்ட்’ செய்யுங்கள்.

3. வேறு யாராவது பிடித்து வைத்திருக்கிறார்களா? ‘டேட்டாபேஸ் ஈஸ் லாக்ட்’ என்று வந்தால், பெரும்பாலும் அதே ப்ராஜெக்ட் இன்னொரு விண்டோவில் திறந்திருக்கும். அல்லது ஹேங் ஆன மென்பொருள் பின்னணியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் பார்த்து மூடுங்கள். தெரியவில்லை என்றால் கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்வது போதும்.

4. எழுத அனுமதி இருக்கிறதா? டிஸ்க் நிரம்பியிருந்தாலும், ஃபைல் ‘ரீட் ஒன்லி’ ஆகியிருந்தாலும் எரர் வரலாம். ‘டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டரில் புதிய மென்பொருள்கள் எழுதுவதைத் தடுக்கும் பாதுகாப்பு வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. அது ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

5. க்ளவுட் ஃபோல்டரில் வைத்திருக்கிறீர்களா? கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவை வேர்ட் ஃபைலுக்கு நல்லவை. டேட்டாபேஸுக்குக் கொஞ்சம் வில்லங்கமானவை. நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், சிங்க் செய்யும் மென்பொருளும் அந்த ஃபைலைப் பிடித்து மேலே ஏற்றப் பார்க்கும். டேட்டாபேஸ் ஒரு நேரத்துக்கும் ஜர்னல் ஒரு நேரத்துக்கும் சேர்ந்தால் கணக்கு இடிக்கும். வேலை செய்யும் ப்ராஜெக்ட் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்கில் இருக்கட்டும். முடித்து மூடிய பிறகு, காப்பியை க்ளவுடில் போடுங்கள்.

6. மென்பொருளின் பதிப்பு என்ன? புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காமல் போகலாம். ஆர்க்யூடிஏ என்ற பழைய இலவச மென்பொருளில் வேலை செய்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். அது நம்பியிருந்த துணை நிரல் கைவிடப்பட்டதால், இன்று அதை நிறுவுவதே பெரும்பாடு. ஆனால் அந்த ஃபைலும் எஸ்க்யூலைட்தான். குவால்கோடரில் அதை இம்போர்ட் செய்யும் வசதி இருக்கிறது.

சர்வர் வைத்த மென்பொருள் என்றால்?

விண்டோஸில் ஓடும் என்விவோவின் பழைய பதிப்புகள் கதை வேறு. அவை மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரைப் பின்னணியில் ஓடவிட்டு, அதன் வழியாகத்தான் ப்ராஜெக்ட்டைத் திறக்கும். சர்வர் தூங்கிவிட்டால் ஃபைல் நன்றாக இருந்தாலும் ‘கனெக்ட் ஆகவில்லை’ என்றுதான் வரும். கம்ப்யூட்டரை வேகமாக்குகிறேன் என்று யாராவது அந்த சர்வீஸை ஆஃப் செய்திருந்தாலும் இதே கதிதான்.

ஸ்டார்ட் மெனுவில் ‘சர்வீசஸ்’ என்று தேடித் திறங்கள். வரும் பட்டியலில் ‘எஸ்க்யூஎல் சர்வர்’ என்று தொடங்கி, கூடவே என்விவோ பெயரும் உள்ள வரியைப் பாருங்கள். ‘ரன்னிங்’ என்று இல்லாவிட்டால், ரைட் க்ளிக் செய்து ‘ஸ்டார்ட்’ கொடுங்கள். காலேஜ் கம்ப்யூட்டர் என்றால் இதற்கு அட்மின் அனுமதி வேண்டியிருக்கும். லேப் பொறுப்பாளரிடம் எரர் போட்டோவைக் காட்டிக் கேளுங்கள்.

ஃபைலே பழுதாகியிருந்தால்?

காப்பியின் அளவைப் பாருங்கள். நேற்று பல எம்.பி. இருந்த ஃபைல் இன்று 0 கே.பி. என்று காட்டினால், க்ளவுடில் அதன் பழைய பதிப்பு இருக்கிறதா என்று ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யில் தேடுங்கள். குவால்கோடர் செட்டிங்ஸில் பேக்கப் வசதியை ஆன் செய்திருந்தால், ப்ராஜெக்ட்டைத் திறக்கும்போது அது தேதி போட்டு ஒரு பேக்கப் ஃபோல்டர் உருவாக்கியிருக்கும். அதையும் பாருங்கள்.

அளவு சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால், ‘டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்’ என்ற இலவச மென்பொருளில் காப்பியைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் ‘இன்டெக்ரிட்டி செக்’ கொடுங்கள். ‘ஓகே’ என்று வந்தால் ஃபைலின் கட்டமைப்பு நன்றாக இருக்கிறது. வேறு ஏதாவது வந்தால், எஸ்க்யூலைட்டிலேயே இருக்கும் ‘ரெகவர்’ கட்டளையைக் கொண்டு முடிந்தவரை மீட்கலாம். இதைக் கம்ப்யூட்டர் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து செய்வது நல்லது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ‘உடைந்த ஃபைலைச் சரிசெய்து தருகிறோம்’ என்று சொல்லும் முகம் தெரியாத இணையதளங்களில் ப்ராஜெக்ட்டை அப்லோடு செய்ய வேண்டாம். அதற்குள் இருப்பது உங்கள் உழைப்பு மட்டுமல்ல. ‘பேர் வெளியே வராது’ என்ற உங்கள் வாக்கை நம்பிப் பேசியவர்களின் வீட்டு விஷயமும்தான்.

அந்த இரவு என்ன ஆனது?

மாணவியின் லேப்டாப் பழசு. பேட்டரி போய்விட்டது. கரண்ட் போனால் லேப்டாப்பும் ஆஃப் ஆகிவிடும். அன்று மாலை கோடிங் செய்துகொண்டிருந்தபோது அப்படித்தான் நடந்தது. ப்ராஜெக்ட் ஃபோல்டரோ க்ளவுட் ஃபோல்டருக்குள். கரண்ட் வந்ததும் சிங்க் மென்பொருள் முந்திக்கொண்டு ஃபைலைப் பிடித்துக்கொண்டது.

அக்கா சொன்னபடி சிங்க்கை நிறுத்தி, ஜர்னல் ஃபைலோடு சேர்த்து ஃபோல்டரை டிஸ்கில் வேறு இடத்துக்குக் காப்பி செய்து, அங்கிருந்து திறந்தாள். திறந்துவிட்டது. கரண்ட் போன நொடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு சீட்டைத்தான் காணவில்லை. 26 பெண்களும் சொன்னது அப்படியே இருந்தது.

‘‘எல்லாம் இருக்கும்மா!’’

‘‘சரி, இப்பவே இன்னொரு காப்பி எடுத்து வெச்சிட்டுப் படு’’ என்றார் அம்மா.

நீங்களும் அதைச் செய்யலாம். வாரம் ஒரு நாள், மென்பொருளை மூடிவிட்டு, ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் தேதி போட்டு இன்னொரு டிஸ்கில் காப்பி எடுங்கள். மாதம் ஒருமுறை, ‘ரெஃபி’ என்ற பொது வடிவத்தில் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். என்விவோ, அட்லஸ்.டிஐ, மேக்ஸ்க்யூடிஏ, குவால்கோடர் எல்லாமே அந்த வடிவத்தைப் புரிந்துகொள்ளும். ஒன்று கைவிட்டாலும் இன்னொன்றில் திறந்துகொள்ளலாம். பேட்டியின் ஒலிப்பதிவும் டைப் செய்த பிரதியும் ப்ராஜெக்ட்டுக்கு வெளியே தனியாக, பாஸ்வேர்டு போட்டு இருக்கட்டும். அப்படி இருந்தால், டேட்டாபேஸே போனாலும் சீட்டுகளைத்தான் மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும். யார் வீட்டுக் கதவையும் மறுபடி தட்ட வேண்டியிருக்காது.