எல்லோருக்கும் ஒரே ஆர்டர்

போன மாதம் ஒரு நாள் ராத்திரி ஒன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். எழுபதைத் தாண்டினால் இது தினசரி நடப்பு, உங்களில் பலருக்கும் தெரிந்ததுதான். கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மருமகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆறிப்போன காபி.

“என்னம்மா, இன்னும் தூங்கலையா?”

“இன்னைக்கு நைட்டு நானூறு சர்வருக்குப் பேட்ச் போடணும் மாமா. நாலு மணிக்குள்ள முடிக்கணும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தலைமுறைக்கு சர்வர் என்றால் தோளில் துண்டோடு வந்து நின்று இட்லி, வடை, பொங்கல் என்று ஒப்பிப்பவர்தான். 1964இல் வந்த நாகேஷ் படத்துக்கே ‘சர்வர் சுந்தரம்’ என்றுதான் பெயர். புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோதும் அப்படித்தான். ‘செர்வேர்’ என்றால் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவர். இன்று பிரெஞ்சுக்காரர்கள் அந்த இயந்திரத்துக்கும் அதே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் கம்ப்யூட்டருக்கு வைத்த பெயர் இன்னும் சுவாரசியம்: ‘ஓர்தினாத்தேர்’. 1955இல் ஐ.பி.எம். கம்பெனியின் பிரெஞ்சுக் கிளை கேட்டுக்கொண்டதற்காக, ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் எடுத்துக்கொடுத்த சொல். ஒழுங்கு செய்கிறவர் என்று பொருள். உலகத்தை ஒழுங்குபடுத்தும் கடவுளுக்குச் சொல்லப்பட்ட பழைய சொல் அது என்று அவரே குறிப்பிட்டார். அதோடு உறவுள்ள ‘ஓர்த்ரு’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று ஒழுங்கு, இன்னொன்று உத்தரவு. இரண்டும் ஒன்றுதான் என்று சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். அரசாங்க வேலைக்கு வந்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது.

தூக்கம் கலைந்துவிட்டதால் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, “நானூறு பேருக்கு எப்படிம்மா ஒரே நேரத்தில ஆர்டர் போடுவ?” என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னாள்.

அவள் கம்பெனியின் சர்வர்கள் சிறுசேரியில் சில, மும்பையில் சில, சிங்கப்பூரில் சில என்று சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் பாதியை அவள் கண்ணால் பார்த்ததே கிடையாது. வாரத்தில் இரண்டு நாள் கேம்ப் ரோடு ஜங்ஷனில் கம்பெனி பஸ் ஏறி, மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போவாள். மற்ற நாளெல்லாம் சேலையூரில் எங்கள் வீட்டு மேஜையிலிருந்துதான் அத்தனைக்கும் கட்டளை போகிறது.

தூரத்தில் இருக்கும் இயந்திரத்துக்குப் பத்திரமாகக் கட்டளை அனுப்பும் முறைக்கு எஸ்.எஸ்.எச். என்று பெயராம். 1995இல் பின்லாந்தில், ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாத்து யூலோனென் என்பவர் எழுதியது. அந்தப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ புகுந்து பாஸ்வேர்டுகளைத் திருடிவிட, வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாத அரக்கு முத்திரைத் தபால் மாதிரி ஒன்றைச் செய்தார். ஆனால் அது ஒரு நேரத்தில் ஓர் இயந்திரத்துக்குத்தான். ஒன்றுக்குப் பத்து நிமிஷம் என்றாலும் நானூறுக்கு 4,000 நிமிஷம், ஏறக்குறைய 67 மணி நேரம். அதனால் ஒரே கட்டளையைப் பட்டியலில் உள்ள எல்லா சர்வருக்கும் எடுத்துக்கொண்டு போகிற கருவிகள் வந்தன. அதில் ஒன்று ஆன்சிபிள். 2012இல் மைக்கேல் டிஹான் என்பவர் உருவாக்கியது. உர்சுலா லெ குவின் 1966இல் எழுதிய அறிவியல் கதை ஒன்றில், எத்தனை தூரமானாலும் நொடியில் செய்தி சேர்க்கும் கருவிக்கு அந்தப் பெயர்.

“பட்டியல்ல எந்தக் குழுவுக்குன்னு ஒரு வார்த்தை சேர்க்கணும் மாமா. அது விட்டுப்போச்சுன்னா எல்லாத்துக்கும் போயிடும்” என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காரணம் இருக்கிறது. இதுவரை வீட்டில்கூடச் சொல்லாத விஷயம்.

1979ஆம் வருஷம். சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகம், பெயர் வேண்டாம். நான் எல்.டி.சி. எங்களுக்குக் கீழே 43 கிளை அலுவலகங்கள். ஒரு படி மிகையாகக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று தணிக்கையில் சொன்னதால், அதைச் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை. டைப்பிஸ்ட் லீவு. ஸ்டென்சில் அடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வரைவின் ஐந்தாவது வரி, நான்காம் நிலை ஊழியர்களுக்கு, அதாவது பியூன், வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர்களுக்கு, இது பொருந்தாது என்றது. ஐந்தாவது வரியும் ஆறாவது வரியும் ஒரே சொல்லில் தொடங்கின. என் கண் ஒன்றைத் தாண்டி அடுத்ததில் இறங்கிவிட்டது.

வரைவோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டியவர் அன்று வரவில்லை. சூப்பிரண்டெண்ட் அவசரத்தில் கையெழுத்துப் போட்டார். சைக்ளோஸ்டைல் மெஷினில் ஓட்டி, 43 கவரில் போட்டு, டெஸ்பாட்ச் ரெஜிஸ்டரில் ஏற்றி, சாயங்காலத் தபாலில் சேர்த்துவிட்டோம். வேலை சுறுசுறுப்பாக முடிந்தது என்று எனக்குப் பெருமை வேறு.

ஆறாம் நாள் ஒரு கிளை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ‘இந்த உத்தரவு நான்காம் நிலை ஊழியர்களுக்கும் உண்டா? விளக்கம் வரும்வரை பிடித்தம் செய்யாமல் வைத்திருக்கிறோம்.’ சூப்பிரண்டெண்ட் வரைவை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் டிரங்க் கால், தந்தி என்று அலுவலகமே அல்லோலகல்லோலப்பட்டது. 28 அலுவலகங்களில் சம்பள பில் இன்னும் போடவில்லை, தப்பியது. 15 இடத்தில் பிடித்துவிட்டார்கள்.

பிடித்ததைத் திருப்பிக் கொடுக்க 15 அலுவலகத்துக்கும் தனித்தனி அனுமதி, தனித்தனி துணை பில், அதன்மேல் தணிக்கைக் கேள்வி. கடைசி அலுவலகத்துக்குப் பணம் போய்ச் சேர எட்டு மாதம். நடுவில் ஒரு நாள் இரவு வாட்ச்மேன் ஒருவர் நேரில் வந்துவிட்டார். என் மேஜைக்கு எதிரே நின்று சம்பளச் சீட்டை நீட்டி, “நான் என்ன சார் தப்பு செஞ்சேன்?” என்று கேட்டார். வீட்டுக்காரியின் தோட்டை அடகு வைத்து அந்த மாதத்தை ஓட்டினாராம். தப்பு என்னுடையது என்று நான் சொல்லவில்லை. பார்க்கிறோம், போய் வாருங்கள் என்றேன். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தச் சீட்டை நீட்டிய கை கண்ணில் நிற்கிறது.

இதில் நான் கண்டது ஒன்று. தப்பு போகும்போது எல்லோருக்கும் ஒன்றாகப் போகிறது. திரும்பும்போது ஒவ்வொன்றாகத்தான் திரும்புகிறது. அந்த 28 அலுவலகத்தைக் காப்பாற்றியது எங்கள் சாமர்த்தியம் அல்ல, தபாலின் தாமதம். ‘சர்க்கார் தபால் ஆமை வேகம்’ என்று திட்டுவோமே, அந்த ஆமைதான்.

இன்றைக்கு அந்த ஆமை கிடையாது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசான் கம்பெனியில் ஓர் ஊழியர், அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியா மையத்தில் சில சர்வர்களை மட்டும் விலக்குவதற்காகக் கட்டளை அடித்தார். அதில் ஒரு விவரம் தவறாக விழுந்து, நினைத்ததைவிட நிறைய சர்வர்கள் விலகிவிட்டன. அவற்றை நம்பியிருந்த ஏராளமான வலைத்தளங்கள் சில மணி நேரம் படுத்துவிட்டன.

2021 அக்டோபர் 4 உங்களுக்கு நினைவிருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எல்லாம் நின்றுபோய், நம்மில் பலர் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தோம். பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரே கட்டளை, அவர்களுடைய மையங்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கையே அறுத்துவிட்டது. இப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் கோளாறு. தூரத்திலிருந்து சரிசெய்யும் வழியும் அதோடு போய்விட்டதால், ஆட்கள் நேரில் போக வேண்டியிருந்தது. உள்ளே நுழையப் பாதுகாப்புக் கெடுபிடி வேறு. ஏறக்குறைய ஆறு மணி நேரம்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி நம் நேரப்படி காலை 9.39க்கு ஒரு திருத்தக் கோப்பை உலகெங்கும் அனுப்பியது. பிழை தெரிந்து 10.57க்கு நிறுத்தினார்கள். 78 நிமிஷம்தான். அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுவிட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இங்கே மீனம்பாக்கத்தில்கூட விமானப் பயணிகளுக்கு போர்டிங் பாஸ் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பெரும்பாலான இயந்திரங்களுக்கு எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்து, அந்தக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. எங்கள் 15 துணை பில் மாதிரியேதான்.

‘பார்த்தீர்களா, பழைய காலமே மேல்’ என்று சிலர் சொல்வீர்கள். நான் அந்தக் கட்சி இல்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற கிருமி இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளை முடக்கியதே, அதற்கான பேட்ச் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். வேகம் வேண்டும். ஆனால் ஒரே விரலில் எல்லோரையும் தொடும் அதிகாரம் யாரிடம் இருந்தாலும், அந்த அதிகாரத்துக்குள்ளேயே கொஞ்சம் தாமதத்தைக் கட்டிவைக்க வேண்டும் என்பது என் கட்சி.

எப்படி? முதலில், அனுப்புமுன் யாருக்கெல்லாம் போகிறது என்ற பட்டியலை இன்னொரு தடவை படிக்க வேண்டும். எங்கள் பள்ளியில் ‘திக்தே’, அதாவது சொல்வதை எழுதுதல், நடக்கும். ஐந்து பிழை வந்தால் பூஜ்யம். ஆசிரியர் முதலில் முழுவதும் படிப்பார், பிறகு பிரித்துப் படிப்பார், கடைசியில் மறுபடி ஒரு முறை படிப்பார். அந்தக் கடைசி வாசிப்பில்தான் பாதிப் பிழைகள் அகப்படும். 1979இல் நான் விட்டது அந்தக் கடைசி வாசிப்பை. ஆன்சிபிளிலும், எந்தெந்த சர்வருக்குப் போகும் என்று மட்டும் காட்டவும், எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்க்கவும் வசதி இருக்கிறதாம்.

இரண்டாவது, ஒன்றுக்குப் போட்டுப் பார்த்து, பிறகு சிலதுக்கு, பிறகு எல்லோருக்கும். அமேசான் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சர்வர்களை மெதுவாகத்தான் விலக்க முடியும் என்றும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே விலக்கவே முடியாது என்றும் கருவியை மாற்றியது. அந்த ஊழியரின் பெயரை வெளியே சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. நாம் ஃபார்வர்டு செய்யும் வாட்ஸ்அப் செய்திக்கும் 2018லேயே இந்தியாவில் ஐந்துக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு வந்ததே, நமக்கும் ஒரு வேகத்தடை. நம்மில் சிலருக்கு அது போதவில்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். சந்தேகம் வந்து நிறுத்துகிறவருக்குத் தண்டனை கூடாது. அந்தக் கிளை அலுவலக எழுத்தர் உத்தரவை உடனே நிறைவேற்றாததற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வாங்கியிருக்கலாம். அந்த பயத்தில்தான் மற்ற 15 பேர் கேள்வி கேட்காமல் பிடித்தார்கள் என்று நினைக்கிறேன்.

அன்று ராத்திரிக்கு வருகிறேன். மருமகள் முதலில் ஒரு சர்வருக்குப் போட்டாள். அது எழுந்து வந்ததும் ஐந்துக்கு. பிறகு இருபதுக்கு. அந்த இருபதில் ஒன்று எழவில்லை. கட்டளையை நிறுத்திவிட்டாள். மணி மூன்றேகால். போனில் மேனேஜரின் குரல் எனக்கே கேட்டது. “ஒண்ணுதானே, மத்ததைப் போடு, காலையில பாத்துக்கலாம்.”

“காரணம் தெரியாம போட மாட்டேன் சார்” என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

“திட்டுவாங்களாம்மா?” என்றேன்.

“திட்டட்டும் மாமா.”

மறுநாள் காரணம் கண்டுபிடித்தார்கள். விவரம் எனக்குப் புரியவில்லை. அதே ரக இயந்திரம் பட்டியலில் இன்னும் அறுபது இருந்தது என்பது மட்டும் புரிந்தது. அன்று காலை அவளிடம் அந்த வாட்ச்மேன் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “லெட்டர் போட்டாரே, அவர் பேர் ஞாபகம் இருக்கா மாமா?” என்று கேட்டாள்.

இல்லை. கடிதத்தின் அடியில் நீல மசியில் ஒரு சின்ன இனிஷியல் மட்டும்தான் இருந்தது. அவரை நான் பார்த்ததும் கிடையாது, ஒரு வரி நன்றி எழுதிப் போட்டதும் கிடையாது.