மூன்றாம் நாள் தீர்ப்பு வேண்டாம்

பக்கவாதம் வந்த வீட்டில் டாக்டரிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பழையபடி எழுந்து நடப்பாரா?"

மூளையின் பெரிய ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியை, தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு எடுக்கிறார்கள். 2015-இல் வெளிவந்த ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இப்படி எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொண்டார்கள். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் 26.5 சதவீதம்தான்.

அடைப்பு நீங்கினாலும் எல்லோரும் எழுந்துவிடுவதில்லை. வயது, தாக்கத்தின் கடுமை, ஸ்கேனில் தெரியும் பாதிப்பு, சர்க்கரை இவற்றை வைத்து டாக்டர்கள் கணிக்கிறார்கள். கணிக்கட்டும். ஆனால் அது நூறு பேரைப் பற்றிய கணக்கு; நம் வீட்டு மனிதரின் ஜாதகம் அல்ல.

"எண்பதாச்சே, எதற்கு வீண் செலவு?" என்று உறவினர்கள் முடிவு கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அந்த ஆய்வுகளில் எண்பது தாண்டியவர்களுக்கும் பலன் இருந்தது. டாக்டர்களே 90-ஆம் நாளில்தான் நிலையை அளக்கிறார்கள்: 0 என்றால் குறையே இல்லை, 6 என்றால் மரணம். அப்படியிருக்க, மூன்றாம் நாளே நாம் கைவிடலாமா? பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் அந்த நாட்களில்தான் தேவை.

நம் கையில் இருப்பது இன்னொன்று. வாய் கோணினால், கை தொய்ந்தால், பேச்சு குழறினால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் கணிப்பே மாறும்.