கண்ணால் கண்ட வீராங்கனை



மூன்று மாதங்களுக்கு முன்னர் எமது குழுக்களில் ஒன்றின் மாதாந்தக் கூட்டம் வழமைபோல வேப்பமரத்தடியில் நடந்தது. சீட்டுக் கணக்குப் பார்த்து முடிந்து, பிளேன்ரீ வரும்வரை கிடைத்த இடைவேளையில் நான் ஒரு கேள்வி கேட்டேன்.

“நீங்கள் உங்கட கண்ணால, நேரில பார்த்த விளையாட்டுக்காரரில ஆகத் திறமான ஆள் ஆர்? ரீவியில, ஃபோனில பார்த்ததைச் சொல்லக் கூடாது.”

எல்லோரும் சிரித்தார்கள். “மிஸ்சுக்கு இண்டைக்கு வேலை இல்லைப் போல” என்றார் ஒரு அக்கா. ஆனால் நான் அதைப் பொழுதுபோக்குக்காகக் கேட்கவில்லை.

அந்தக் குழுவில் ஒரு தாய் இருக்கிறார். (அவருடைய சம்மதத்தோடுதான் இதனை எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன்.) அவருக்கு ஒரே மகள். 2009ஆம் ஆண்டின் கடைசியில் பிறந்தவள். தந்தையைப் படத்தில் மட்டுமே கண்டவள். வயதுக்கு மீறிய உயரம். பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் கோல் போடும் இடம் அவளுக்கு. அணி வலய மட்டத்தில் வென்று மாகாணப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தது. வெளி மாவட்டத்தில் இரண்டு இரவுகள் தங்க வேண்டும். தாய் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பொறுப்பாசிரியை வீட்டுக்குப் போய்க் கேட்டும் பயனில்லை. “நீங்கள் ஒருக்கால் கதைச்சுப் பாருங்கோ” என்று ஆசிரியை என்னிடம் சொல்லியிருந்தார்.

இந்த வேலையில் பத்து வருடங்களாக நான் கற்றுக்கொண்ட ஒன்று உண்டு. நாலு பேருக்கு முன்னால் ஒரு தாய்க்குப் புத்தி சொன்னால் அவர் மனக்கதவைச் சாத்திக்கொள்வார். அதனால்தான் கேள்வியை எல்லோருக்குமாகப் பொதுவில் வைத்தேன்.

முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா சொன்னார்: “என்ர ஐயா எதிர்வீரசிங்கம் பாய்ஞ்சதைப் பார்த்தவர், பிள்ளை. சாகுமட்டும் அதைத்தான் சொல்லுவார். நான் பார்க்கேல்லை. எங்களை ஆர் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது?”

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952, 1956 ஒலிம்பிக் போட்டிகளில் உயரம் பாய்தலில் பங்குபற்றியவர். 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அன்றைய இலங்கைக்குத் தங்கப் பதக்கம் பெற்றுக் கொடுத்தவர். 2024இல் காலமானார். அவர் பாய்ந்ததை நேரில் கண்ட ஒரு தலைமுறை எங்கள் ஊர்களில் இருந்தது. அந்தத் தலைமுறையின் ஆண்கள் கண்டார்கள். பெண்கள் அதைக் கேட்டார்கள்.

சகோதரிகளே, அந்த அம்மாவின் கேள்வியில் நியாயம் உண்டு. மைதானம் எங்கள் ஊர்களில் ஆண்களின் இடமாகவே இருந்து வந்திருக்கிறது. இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கும் ஒரு நாளைத் தவிர மற்ற நாட்களில் அங்கே எங்களுக்கு அலுவல் இல்லை. போர் வந்தபிறகு அந்த ஒரு நாளும் இல்லாமற் போனது. மைதானங்களில் முகாம்கள் வந்தன, கொட்டில்கள் வந்தன, பற்றை வளர்ந்தது. யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கே 2016 ஜூன் மாதத்தில்தான் திருத்தித் திறந்துவைக்கப்பட்டது. எனவே, “நேரில் பார்த்த வீரர் யார்” என்ற கேள்விக்கு எங்களில் பலரிடம் பதில் இல்லாததில் வியப்பில்லை.

ஆனால் ஒரு சகோதரியிடம் பதில் இருந்தது. 2002இல், சமாதான காலத்தில், வெளிநாட்டு அலுவலாக அவர் கொழும்பில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார். அந்த ஆண்டு ஓகஸ்டில் ஆசிய மெய்வல்லுநர் போட்டிகள் கொழும்பு சுகததாச விளையாட்டரங்கில் நடந்தன. விடுதியில் அவரோடு இருந்த சிங்களச் சகோதரி ஒருத்தி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். அங்கே சுசந்திகா ஜயசிங்க 100 மீற்றர் ஓடித் தங்கம் வென்றதைக் கண்டிருக்கிறார்.

“எப்படி ஓடினவா?” என்று எல்லோரும் கேட்டோம்.

“ஓடினதை எங்க பார்க்கிறது? பதினொரு செக்கனில முடிஞ்சுபோச்சு. நான் பார்த்தது ஓட முதல் நடந்ததைத்தான். அவ்வளவு சனமும் கத்துது. அவா குனிஞ்சு கையை நிலத்தில வைச்சோண்ண எல்லாம் அடங்கிச்சு. அவ்வளவு சனத்தையும் ஒரு பொம்பிளை பேசாமல் இருக்கப்பண்ணினதை நான் அண்டைக்குத்தான் பார்த்தனான்.”

எத்தனை பேர் இதைக் கவனித்தார்களோ தெரியாது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சுசந்திகாவின் கதையை எங்கள் பெண்கள் அறிந்திருப்பது நல்லது. கேகாலை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் வறிய குடும்பத்தில் பிறந்தவர். 1997இல் ஏதென்ஸில் நடந்த உலக மெய்வல்லுநர் போட்டியில் 200 மீற்றரில் வெள்ளி வென்றார். அடுத்த ஆண்டு ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு எழுந்து, பின்னர் அதிலிருந்து விடுவிக்கப்பட்டார். 2000 செப்டெம்பரில் சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடி மூன்றாமிடம் பெற்றார். இரண்டாமிடம் பெற்றவரின் நேரம் 22.27. வித்தியாசம் ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கு! 1948இல் டங்கன் வைட் லண்டனில் வெள்ளி வென்றதற்குப் பிறகு 52 ஆண்டுகள் கழித்து இலங்கைக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது. அந்த ஓட்டத்தில் முதலாவதாக வந்த மேரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பாவித்ததை 2007இல் ஒப்புக்கொண்டார். அவருடைய பதக்கம் பறிக்கப்பட்டது. 2009 டிசெம்பரில் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. நியாயம் வந்து சேர ஒன்பது ஆண்டுகள் சென்றன. நியாயத்துக்காகக் காத்திருப்பது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அடுத்து என்னைக் கேட்டார்கள். நான் தர்ஜினி சிவலிங்கத்தின் பெயரைச் சொன்னேன்.

யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவன் பக்கத்து ஈவினையிலிருந்து வந்தவர் தர்ஜினி. உயரம் 2.08 மீற்றர். அதாவது ஆறடி பத்து அங்குலம். சிறு வயதில் அந்த உயரத்துக்காகக் கேலி செய்யப்பட்டதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வலைப்பந்தாட்டத்தில் அந்த உயரமே அவரது பலமாயிற்று. போர் முடிந்த அதே 2009இலும், பின்னர் 2018இலும், 2022இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது கோல் போடும் இடத்தில் நின்றவர் அவர். 2019இல் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் எல்லா நாட்டு வீராங்கனைகளையும் விட அதிக கோல்கள் போட்டவரும் அவரே.

ரீவியில் பார்ப்பவர்கள், “உவ்வளவு உயரமெண்டால் ஆரும் போடலாம்தானே” என்று சொல்லிவிடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், நேரில் பார்க்கும்வரை.

வலைப்பந்தாட்டத்தில் வளையம் பத்தடி உயரத்தில் இருக்கிறது. பின்னால் பலகை இல்லை, பந்து பட்டுத் தெறித்து உள்ளே விழ வழியில்லை. பந்தைப் பிடித்தால் மூன்று செக்கனுக்குள் எறிய வேண்டும். பந்தோடு ஓட முடியாது. ஏழு பேரில் இருவர்தான் கோல் போடலாம். அதில் ஒருவர் மைதானத்தின் மூன்றில் ஒரு பகுதியைத் தாண்டிப் போகவும் முடியாது. ரீவி எப்போதும் பந்தின் பின்னால்தான் ஓடும். பந்து மறுபக்கம் இருக்கும்போது அந்த ஒருவர் என்ன செய்கிறார் என்று அது காட்டாது. நேரில் போனால் தெரியும். தர்ஜினி சும்மா நிற்கவில்லை. தன்னை மறிக்கும் பெண்ணை ஒரு கண்ணால் பார்த்தபடி, அங்குலம் அங்குலமாகக் காலை மாற்றி மாற்றி வைத்துத் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பந்து வந்தபோது கையை உயர்த்தியதுதான் மற்றவர்கள் கண்டது. அதற்கு முன்னரே அவர் பாதி வேலையை முடித்துவிட்டார். உயரம் கடவுள் கொடுத்தது. கால் வேலை அவர் தேடிக்கொண்டது.

நான் சொல்லி முடித்தபோது அந்தத் தாய் தலையைக் குனிந்தபடி ஈர்க்கினால் மண்ணில் கோடு கீறிக்கொண்டிருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்:

“நானும் ஓடினனான்தான். தொண்ணூற்றைஞ்சில எங்கட இல்லத்துக்கு நான்தான் இருநூறு மீற்றர் முதலாவது. சப்பாத்தும் இல்லை, வெறுங்கால். அடுத்த வருசம் வலயத்துக்கு விடுறம் எண்டவை. ஒக்ரோபரில வெளிக்கிட்டம். அதோட சரி.”

அன்று மாலை அவரோடு ஒழுங்கை முடக்குவரை நடந்து போனேன். அப்போதுதான் மனம் விட்டுக் கதைத்தார். அவர் மகளை மறித்தது விளையாட்டில் வெறுப்பினால் அல்ல. “தகப்பன் இல்லாத பிள்ளை, தங்கச்சி. ஒண்டு நடந்தால் என்னைத்தான் கேப்பினம். தாய் அவிட்டு விட்டிட்டாள் எண்டு சொல்லுவினம். காற்சட்டையோட நிக்கிற படத்தை ஆரேன் ஃபோனில போட்டால் நான் என்ன செய்ய? பிறகு ஆர் வந்து கேப்பினம்?”

இந்தப் பயம் பொய்யானதல்ல. பெண் தலைமை தாங்கும் குடும்பங்களில் பிள்ளையின் ஒவ்வொரு அடிக்கும் தாயே தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தந்தை உள்ள வீட்டில் ‘பிள்ளை கெட்டிக்காரி’ எனப்படுவது, தந்தை இல்லாத வீட்டில் ‘தாய் கவனமில்லை’ எனப்படுகிறது. இது சமூகத்தின் குறைபாடு, தாயின் குறைபாடு அல்ல. ஆகவே “பயப்படாதேங்கோ” என்று நான் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன். “அக்கா, மகள் விளையாடுறதை நீங்கள் நேரில பார்த்திருக்கிறியளா?”

பார்த்ததில்லை. ஒரு தடவைகூட இல்லை. பாடசாலை விடும் நேரம் அவர் தோட்ட வேலையில் நிற்பார்.

அடுத்த புதன்கிழமை பின்னேரம் வந்தார். உள்ளே வரவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி வேலிக்கு வெளியில் நின்றார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். ஒழுங்கையில் கூனிக் கூனி நடப்பவள். “இவ்வளவு வளர்ந்தால் மாப்பிள்ளைக்கு எங்க போறது” என்ற கதை கேட்டுக் கேட்டு முதுகை வளைத்துக்கொண்டவள். மைதானத்தில் அவள் கூனவில்லை. நிமிர்ந்து நின்று, “இங்க! இங்க!” என்று பந்தைக் கேட்டாள். தாய் என்னிடம் திரும்பி, “இவளுக்கு இவ்வளவு குரல் இருக்கே?” என்றார். வீட்டில் கூப்பிட்டால் பதில் வராதாம்.

அதன்பிறகு ஆசிரியையிடம் அவரே போனார். அவர் கேட்டவற்றை இங்கே தருகிறேன். ஏனெனில் உங்களில் பலருக்கும் இது உதவும். எத்தனை பெண் ஆசிரியைகள் கூடப் போகிறார்கள்? இரவில் எங்கே தங்குகிறார்கள், அறைக்குள் பிள்ளைகளோடு யார்? எந்த வாகனம், எத்தனை மணிக்குத் திரும்பும்? ஆசிரியையின் தொலைபேசி இலக்கம் என்ன? நீளக் காற்சட்டை அணிந்து விளையாட அனுமதி உண்டா? படம் எடுப்பதை யார் கட்டுப்படுத்துவது? பாடசாலை எழுத்தில் அறிவித்தல் தருமா? எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்தபிறகே கையெழுத்து வைத்தார். பதில் கிடைக்காவிட்டால் வைக்காமல் விடவும் அவருக்கு உரிமை இருந்தது. கேள்வி கேட்கும் தாய் பிள்ளையை மறிக்கும் தாய் அல்ல. பாடசாலைகளும் இதனை விளங்கிக்கொள்ள வேண்டும்.

அணி மாகாணப் போட்டியில் இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றுவிட்டது. பிள்ளை முழங்காலில் உரஞ்சல் காயத்தோடு வீடு வந்தாள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். பின்னேரம் ஒரு மணித்தியாலம் மட்டும் பயிற்சிக்குப் போகிறாள். அது தாயும் மகளும் பேசி எடுத்த முடிவு.

அடுத்த கூட்டத்தில் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சீட்டுக்காசைக் கையில் தரும்போது அந்தத் தாயே மெதுவாகச் சொன்னார்: “அண்டைக்குக் கேட்டனீங்கள்தானே, நேரில பார்த்த திறமான ஆள் ஆர் எண்டு. எனக்கும் இப்ப ஒராள் இருக்கு.”

எழுபது வயது தாண்டிய அந்த அம்மாவுக்கும் ஒரு செய்தி கொண்டு போயிருந்தேன். முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி என்ற அம்மா, 2023இல் தமது 72ஆவது வயதில் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் ஓடித் தங்கப் பதக்கங்களோடு திரும்பினார் என்று சொன்னேன். “எழுபத்திரண்டிலேயோ!” என்று வாயில் கை வைத்தார். பிறகு, “அவா இஞ்சால் பக்கம் வந்தால் சொல்லு பிள்ளை, நான் ஒருக்கால் பார்க்கவேணும்” என்றார்.

சகோதரிகளே, இந்த மாதம் உங்கள் ஊர்ப் பாடசாலையில் அல்லது பிரதேச விளையாட்டு விழாவில் ஏதாவது ஒரு போட்டி நடக்கும். உங்கள் பிள்ளை அதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள். வேலிக்கு வெளியில் நிற்காமல் உள்ளே போய் இருங்கள். யாரைக் கண்டீர்கள் என்று எமக்கு எழுதுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.