வயிற்றுப் பிள்ளையும் நரம்பு மாத்திரையும்



சம்பளம், போனஸ், வீடு என்று எழுதி வந்த கை இம்முறை ஒரு மாத்திரையைப் பற்றி எழுதுகிறது. "கிராணிக்கு வைத்தியம் எதற்கு?" என்று சிலர் கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. நான் தமிழ்ப் பள்ளியில் படித்து, தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதுகிறவன். வைத்தியம் படித்தவன் அல்லன். ஆனாலும் தோட்டத்தில் கிராணி என்றால் வங்கிக் கடிதத்தையும் அவன்தான் படித்துச் சொல்ல வேண்டும், கோர்ட்டு ஓலையையும் அவன்தான் படித்துச் சொல்ல வேண்டும், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளையும் அவன்தான் படித்துச் சொல்ல வேண்டும். அப்படிப் படித்துச் சொன்னதில் நான் ஒரு பெரும் பிழை செய்தேன்.

மரம் சீவும் சகோதரி ஒருவர். பெயர் வேண்டாம். புருஷனுக்கு வேலை போய், வீட்டைக் காலி செய்ய வேண்டி வருமோ என்ற பயத்தில் இரவெல்லாம் தூக்கமின்றி, நெஞ்சு படபடத்து, கைகால் குளிர்ந்து துன்பப்பட்டவர். பட்டணத்துக் கிளினிக்கு ஒன்றில் அல்பிரசோலாம் என்ற மாத்திரை கொடுத்தார்கள். பல மாதம் சாப்பிட்டார். பிறகு வயிற்றில் பிள்ளை தங்கிவிட்டது. ஒரு நாள் பெரட்டு முடிந்ததும் ஆபீஸ் ஜன்னலண்டை வந்து, "அண்ணே, இந்தத் தாளைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. புள்ளத்தாச்சி சாப்பிடலாமான்னு போட்டிருக்கா?" என்றார். படித்தேன். கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்ற வரி கண்ணில் பட்டது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. "தூக்கிப் போட்டுடு தங்கச்சி" என்றேன்.

அவரும் அன்றே தூக்கிப் போட்டார். மூன்றாம் நாள் காலை பெரட்டுக்கு வந்தபோது உளி பிடித்த கை நடுங்கியது. உடம்பெல்லாம் வியர்வை. இரண்டு இரவு கண் மூடவில்லையாம். மேட்டு நிரையில் ஏறும்போது சாய்ந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த டாக்டரம்மாள் கேட்ட முதல் கேள்வி, "யார் திடீரென்று நிறுத்தச் சொன்னது?" என்பதுதான். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பின்னர் அந்த டாக்டரம்மாள் மாத்திரையை மறுபடியும் கொடுத்து, வாரா வாரம் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். தாயும் பிள்ளையும் இன்று நலம். என் நெஞ்சில் மட்டும் அந்தக் கேள்வி நிற்கிறது. ஆகவேதான், தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கவலைக்கும் தூக்கமின்மைக்கும் கொடுக்கும் மாத்திரைகளில் ஒரு குடும்பம் உண்டு. பென்சோடயசெபின் என்பது குடும்பப் பெயர். 1960இல் லிப்ரியம், 1963இல் வேலியம் என்று இவை உலகக் கடைத்தெருவுக்கு வந்தன. வேலியத்தின் மருந்துப் பெயர் டயசெபாம். லோரசெபாம், அல்பிரசோலாம் முதலியவையும் இந்தக் குடும்பமே. நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு விஷப் பொருள் சட்டத்தின் கீழும் 1989ஆம் ஆண்டு விதிகளின் கீழும் இவை கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. டாக்டர் சீட்டில்லாமல் கடையில் விற்பது குற்றம். இருந்தும் நம் லயங்களில் என்ன நடக்கிறது? மாமியாருக்குக் கொடுத்த மாத்திரை மருமகளுக்குப் போகிறது. பக்கத்து வீட்டு அக்காள் "பாதி போடு, நல்லாத் தூங்குவே" என்று முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுக்கிறாள். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதி மாத்திரை தாய் வயிற்றோடு நிற்பதில்லை. நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையின் இரத்தத்துக்கும் போகிறது.

பிரசவ காலத்தை ஒட்டி இம்மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால், பிறக்கும் பிள்ளை துணிப் பொம்மைபோல் தொய்ந்து கிடக்கலாம். பால் உறிஞ்சச் சக்தியிராது. உடம்பு குளிரும். மூச்சு மந்தமாகும். வேறு சில பிள்ளைகளுக்குப் பிறந்த சில நாட்களில், தாயிடமிருந்து வந்த மருந்து நின்றுபோவதால், நடுக்கமும் ஓயாத அழுகையும் வரும். பெரியவர்கள் உடம்பிலேயே டயசெபாம் பல நாள் தங்கும். பிறந்த சிசுவின் ஈரலுக்கோ அதைக் கழிக்கும் வலிமை இன்னும் வரவில்லை. மேலண்ணம் பிளந்த பிள்ளைகள் பிறக்கும் என்று 1970களில் சில ஆராய்ச்சிகள் சொல்லின. பிறகு நடந்த பெரிய ஆராய்ச்சிகள் அப்படிப்பட்ட ஆபத்து இருந்தாலும் மிகச் சிறியது என்றே கண்டன. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 2019இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, இம்மாத்திரை சாப்பிட்ட தாய்மார்களிடம் கருச்சிதைவு கூடுதலாக இருந்தது என்றது. அதற்குக் காரணம் மாத்திரையா, அவர்களைப் பிடித்திருந்த நோயா என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

"இவ்வளவு தெரிந்தும் அந்தச் சகோதரியை நிறுத்தச் சொன்னது எப்படிப் பிழையாகும்?" என்று கேட்பீர்கள். பழகிய உடம்பிலிருந்து இம்மாத்திரையைத் திடீரென்று பிடுங்கினால் நடுக்கம், தூக்கமின்மை, சில வேளை வலிப்புகூட வரும். கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. பழக்கமாகிவிடுதலும் திடீர் நிறுத்தமும் எவ்வளவு கொடியவை என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இல் இக்குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றின்மீதும் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் செய்தது. மேலும், கவலை நோயும் சும்மா இருப்பதல்ல. சாப்பிடாத, தூங்காத, உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்று நினைக்கும் தாயின் வயிற்றில் பிள்ளை எப்படி நலமாயிருக்கும்? நிறுத்துவதும் மாற்றுவதும் குறைப்பதும் டாக்டர் கையில் இருக்க வேண்டிய காரியம். கிராணி கையில் அல்ல.

பிள்ளைத்தாய்ச்சி வாயில் மாத்திரை என்றாலே நம் கிழவிகள் பயப்படுவார்கள். அந்தப் பயத்துக்கு உலகமே கண்ட காரணம் ஒன்று உண்டு. மேற்கு ஜெர்மனியில் கிரூனெந்தால் என்ற கம்பெனி 1957 அக்டோபர் முதல் தேதி கொன்டெர்கான் என்ற பெயரில் தாலிடோமைட் மாத்திரையை விற்கத் தொடங்கியது. அதுவும் தூக்கத்துக்கும் மன அமைதிக்கும் என்று வந்த மருந்தே! சீட்டில்லாமலே கடையில் கிடைத்தது. அபாயமே இல்லை என்று விளம்பரம் செய்தார்கள். மசக்கை வாந்திக்கும் நல்லது என்று கர்ப்பிணிகள் கையில் கொடுத்தார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் விற்றார்கள். விளைவு? கையில்லாமல், காலில்லாமல், தோளிலிருந்தே விரல் முளைத்தாற்போல் பிள்ளைகள் பிறந்தன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள்! கரு உண்டான நான்காம், ஐந்தாம் வாரத்தில் ஒரே ஒரு மாத்திரை போதும் என்று பின்னர் தெரிந்தது. வயிற்றில் பிள்ளை இருப்பதே பல பெண்களுக்குத் தெரியாத காலம் அது.

ஹாம்பர்க் நகரத்துக் குழந்தை வைத்தியர் விடுகிண்ட் லென்ஸ் என்பவர் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களைக் கேட்டு, இன்ன மாத்திரையால் இன்ன கேடு என்று கண்டு சொன்னார். 1961 நவம்பரில் ஜெர்மனியில் விற்பனை நின்றது. அமெரிக்காவிலோ மருந்து நிர்வாகத்தில் வேலை பார்த்த பிரான்சிஸ் கெல்சி என்ற அம்மையார், கம்பெனிக்காரர்கள் திரும்பத் திரும்ப நெருக்கியும் அனுமதிக் கையெழுத்துப் போட மறுத்தார். ஆதாரம் போதாது என்று தாளைத் திருப்பித் திருப்பி அனுப்பினார். ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவன் என்ற முறையில் இந்த அம்மையாரிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு. அந்தக் கம்பெனி மன்னிப்புக் கேட்டது எப்போது தெரியுமா? 2012இல்! அரை நூற்றாண்டு கழித்து!

டயசெபாமும் அல்பிரசோலாமும் தாலிடோமைட் அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவற்றைச் சாப்பிட்ட தாய் கையில்லாப் பிள்ளை பெறுவாள் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். நான் செய்த பிழையும் அந்தப் பயத்தில் பிறந்ததே.

நம் பெண்கள் "நரம்பு மாத்திரை" என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் சொல்வதால் இன்னொரு மருந்தையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. வல்புரோவேட் என்பது வலிப்புக்கும் மனநிலை மாற்ற நோய்க்கும் கொடுப்பது. கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டால் ஏறத்தாழ பத்தில் ஒரு பிள்ளைக்கு உடற்குறை உண்டாகிறது. அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படுகிறது. அதைச் சாப்பிடும் பெண், பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரிடம் போக வேண்டும். அதையும் தானாக நிறுத்தக் கூடாது.

இனிப் பால் கொடுக்கும் தாய். டயசெபாம் தாய்ப்பாலில் இறங்கும். நாள்தோறும் சாப்பிட்டால் பிள்ளையின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். பிள்ளை எந்நேரமும் மயங்கித் தூங்கும், பால் குடிக்காது, எடை ஏறாது. "நல்ல பிள்ளை, அழுவதே இல்லை" என்று ஆயாக் கொட்டகையில் புகழ்வார்கள்! அழாத பிள்ளையைத்தான் கவனிக்க வேண்டும். அவசியமானால் சீக்கிரம் கழிந்துபோகும் லோரசெபாம் போன்றதைக் குறைந்த அளவில் டாக்டர்கள் தேர்ந்தெடுப்பதுண்டு. நாட்பட்ட கவலை நோய்க்கு இப்போது செர்ட்ராலின் போன்ற வேறு வகை மருந்தைக் கொடுக்கிறார்கள். தாய்ப்பாலில் அது இறங்குவது மிகக் கொஞ்சம். ஆகவே, மாத்திரை சாப்பிடுகிறாள் என்பதற்காகப் பாலை நிறுத்திப் புட்டிப் பாலுக்குப் போக வேண்டியதில்லை. கேட்டுவிட்டு முடிவு செய்ய வேண்டும். ஒன்று மட்டும் வீட்டிலேயே செய்யக் கூடியது: மயக்கம் தரும் மாத்திரை போட்ட இரவு, பிள்ளையைப் பக்கத்தில் ஒரே பாயில் போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். தனியாகப் படுக்க வையுங்கள். அன்றிரவு புருஷன் எழுந்து பார்க்கட்டும். கை தேய்ந்துவிடாது.

டாக்டரிடம் கேள், டாக்டரிடம் கேள் என்று எழுதிவிட்டேன். எழுதுவது எளிது. போவது எப்படி? புக்கிட் பெருவாங் இன்று கடைவீதியும் வீடமைப்புப் பகுதியும் பல்கலைக்கழகமுமாகிவிட்டது. அங்கிருப்பவர்களுக்குக் கிளினிக்கு காலடியில். ஜாசின் பக்கமும் அலோர் காஜா பக்கமும் உள்ளடங்கிய தோட்டத்தில் மரம் சீவும் பெண்ணுக்கு, சர்க்கார் தாய்சேய்க் கிளினிக்கு என்றால் ஒரு நாள் பொழுது. காலையில் போய் நம்பர் எடுத்து உட்கார்ந்தால், மிஸ்ஸி கூப்பிட்டு எடை பார்த்து, இளஞ்சிவப்புப் புத்தகத்தில் எழுதி, டாக்டரைப் பார்த்து வெளியே வர மத்தியானமாகிவிடும். நோய் இல்லை, பரிசோதனைதான் என்பதால் கையில் கிடைப்பது நேரச் சீட்டு. மருத்துவ விடுப்புச் சீட்டு அல்ல. அதை ஆபீசுக்குக் கொண்டுவந்தால் நான் என்ன செய்கிறேன்? செக்ரோலில் "வரவில்லை" என்று போடுகிறேன். அன்றைய கூலி போயிற்று. நிர்வாகம் சொன்னபடி எழுதினேன், உண்மை. ஆனால் எழுதிய கை என் கை.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 60 நாளாக இருந்த பிரசவ விடுப்பு 2023 ஜனவரி முதல் 98 நாளாகியிருக்கிறது. கர்ப்பிணியை அவள் கர்ப்பத்தைக் காரணமாக்கி வேலையிலிருந்து நீக்குவதற்கும் அதே திருத்தத்தில் தடை வந்தது. நல்லதே. ஆனால் பிள்ளை பிறக்கும் முன் கிளினிக்குப் போகும் நாளுக்கென்று அச்சட்டத்தில் தனிக் கூலி விடுப்பு இல்லை. கர்ப்பப் பரிசோதனைக்காகப் பெண்ணை வேலையிடத்திலிருந்து போக அனுமதிக்க வேண்டும் என்று உலகத் தொழிலாளர் நிறுவனம் 2000ஆம் ஆண்டுப் பரிந்துரையில் சொல்லியிருக்கிறது. கூலியோடு போக விடுவதென்றால் அதை நாம் ஒப்பந்தத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவள் கிளினிக்குப் போகமாட்டாள். பக்கத்து வீட்டு முந்தானை முடிச்சைத்தான் நம்புவாள். அல்லது என்னைப் போன்ற அரைகுறையிடம் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்வாள்.

வரும் கிளைக் கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் கொண்டு வருகிறேன். கர்ப்பிணிக்கு மாதம் ஒரு பரிசோதனை நாள், நேரச் சீட்டைக் காட்டினால் முழுக் கூலி. தோட்டத்து வண்டி போக வர. தமிழ் தவிர வேறு மொழி பேச வராத தாய்க்குத் துணையாக ஒரு பெண், அவளுக்கும் அன்று கூலி. இம்மூன்றையும் அடுத்த ஒப்பந்தப் பேச்சில் வைக்க வேண்டும். மரம் சீவும் பெண்கள் கூட்டத்துக்கு வந்து கை தூக்காவிட்டால் ஆண்கள் வழக்கம்போல் இதைக் கடைசிப் பொருளாகத் தள்ளிவிடுவார்கள். கூட்டம் மாலையில் நடப்பதால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே வரலாம். அழுதாலும் பரவாயில்லை.